நான்காம் வேற்றுமை

ஒரே கல்லுக்கு இரண்டு தாள்கள் வந்திருந்தன. கல்வெட்டுக்காரர் முதலில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மா கொடுத்த வாசகத்தை மகன் வந்து மாற்றுவதும், மகன் மாற்றியதை மருமகள் வந்து பழையபடி ஆக்குவதும் அவர் தொழிலில் வாடிக்கை. ஆகவே இரண்டு தாளையும் ஒரே ஆணியில் குத்தி வைத்துவிட்டு, பெயரையும் பிறந்த நாளையும் இறந்த நாளையும் வெட்டி முடித்தார். வாசகத்தைச் சுண்ணக்கட்டியால் கல்லின் மேல் வரைய உட்கார்ந்தபோதுதான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

ஒன்று பெண் கையெழுத்து. "தம்பிக்காய்த் தன் உயிரைக் கொடுத்தவர்" என்றிருந்தது. மற்றது ஆண் கையெழுத்து. "தம்பியால் உயிரிழந்தவர்" என்றிருந்தது.

அவர் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தார்.

அவருடைய பட்டறை கல்லறைத் தோட்டத்துச் சுவரை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகை. எழுத்து முடிந்த கற்கள் சுவரைப் பார்த்து நிற்கும். முடியாத கற்கள் ஆளைப் பார்த்து நிற்கும். ஒரு வீட்டுத் துக்கத்தை இன்னொரு வீட்டார் படிக்கக் கூடாது என்பதற்காக அவர் செய்துகொண்ட ஏற்பாடு அது. கல் தூசி படியாமலிருக்க வானொலிப் பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். பாட்டு எப்போதும் தலையணைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும்.

வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க அன்றைக்கே பெண் கையெழுத்துக்காரி வந்துவிட்டாள். இறந்தவனின் மனைவி. தையல் கூடத்தில் அளவெடுப்பவள். கழுத்தில் அளவு நாடா கிடந்தது, எடுத்து வைக்க மறந்திருந்தாள்.

"வாங்கம்மா. ஒரு சந்தேகம்" என்றார் கல்வெட்டுக்காரர். "இதென்ன, தம்பிக்காய்? என்ன காய் இது, எப்பப் பழுக்கும்?"

"எங்க சபையில அப்படித்தான் சொல்லுவோம். நமக்காய் மரித்தார், எனக்காய் வந்தார்னு."

"சபையில சொல்லுங்க, யாரு வேண்டாங்கறா. கல்லுல காய் வெட்டினா போற வர்ற பசங்க சிரிப்பாங்க. 'தம்பிக்காக'ன்னு போட்டுடவா?"

"சரி, காகன்னே போடுங்க."

"அது எளிசு. கஷ்டம் இங்கே இருக்கு." அடுத்த தாளை நீட்டினார். "உங்க கொழுந்தன் முந்தாநாள் வந்து குடுத்துட்டுப் போனது. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

அவள் படித்தாள். படித்ததும் கோபப்படுவாள் அல்லது அழுவாள் என்று எதிர்பார்த்துக் கல்வெட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். அவள் இரண்டும் செய்யவில்லை. தாளை மடித்துத் திரும்ப அவர் கையிலேயே கொடுத்தாள்.

"எது வெட்டப் போறீங்க?"

"நீங்க ரெண்டு பேரும் ஒண்ணு சொல்ற வரைக்கும் எதுவும் வெட்ட மாட்டேன். வெட்டினதை ஒட்ட முடியாது. 'ஆல்'னா எனக்கு ஒரு எழுத்து மிச்சம், அவ்வளவுதான். நல்லதைச் சொல்லத்தான் எப்பவும் ஒரு எழுத்து கூடச் செலவாகுது."

தம்பி என்ற சொல்லை மட்டும் கல்லில் வரைந்துவிட்டு, அதற்குப் பின்னால் இடம் விட்டு நிறுத்தினார்.

நடந்தது இதுதான். அண்ணனும் தம்பியும் ஒரே எண்ணெய் ஆலையில் தொட்டி கழுவும் குழுவில் இருந்தார்கள். மூத்தவன் குழுவுக்குத் தலைவன். தரைக்கடியில் இருக்கும் தொட்டிகளில் எண்ணெய் தீர்ந்ததும் அடியில் மண்டி தங்கும். மண்டி நாறினால் கெட்ட காற்று உண்டாகும். அது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே முதலில் மூடியைத் திறந்து, நல்ல காற்றை உள்ளே ஊதும் புளோயரை ஓடவிட வேண்டும், பிறகு கெட்ட காற்றைக் கண்டால் கத்தும் மீட்டரை இறக்கிப் பார்க்க வேண்டும், பிறகு இடுப்பில் கயிறு கட்டி இறங்க வேண்டும், மேலே ஒருவன் கயிற்றைப் பிடித்து நிற்க வேண்டும். இந்த ஒழுங்கை மூத்தவன் வேதவாக்குப் போல வைத்திருந்தான்.

அன்று மூடி திறந்தாகிவிட்டது, புளோயர் இன்னும் வந்து சேரவில்லை. இளையவன் தொட்டி வாயில் குனிந்து எட்டிப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்த செல்போன் நழுவி உள்ளே விழுந்தது. மண்டியின் மேல் வெளிச்சம் காட்டிக்கொண்டு கிடந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி எடுத்துவிடலாம் என்று நினைத்தான். இறங்கினான். ஏணியின் கடைசிப் படியில் நின்று குனிந்தபோது பிடித்த மூச்சு போதவில்லை.

அவன் கண் விழித்தது ஆஸ்பத்திரியில். அவனை மேலே அனுப்பிய அண்ணன் மேலே வரவில்லை.

அதன்பிறகு இளையவன் அண்ணன் வீட்டின் பின்னறைக்கு வந்து சேர்ந்தான். விருந்தாளியாக அல்ல, உறவினனாகவும் அல்ல. யாரோ தண்டனை விதித்து அனுப்பிவைத்த ஆள் போல. சம்பளத்தை அப்படியே அண்ணி கையில் கொடுத்தான். ஒழுகும் குழாயை மாற்றினான், கூரையைப் பார்த்தான், எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்தான். பெண் பார்த்திருப்பதாக அத்தை சொன்னபோது வேண்டாம் என்றான். அண்ணன் மகள் தோளில் ஏறினால் மெல்ல இறக்கிவிட்டான். "வேலைக்கு வெச்ச ஆளுகூட ஞாயித்துக்கிழமை லீவு கேட்பான்" என்று அண்ணி ஒருமுறை சொன்னாள். அவன் சிரிக்கவில்லை; ஞாயிற்றுக்கிழமை அலமாரிக்கு வண்ணம் அடித்தான்.

பட்டறையிலிருந்து திரும்பிய அண்ணி அவனைக் கொல்லைப்புறத்தில் கண்டாள். துணிக்கொடிக் கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"கல்லுக்காரர்கிட்ட போயிருந்தியா?"

"போயிருந்தேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டா வேண்டாம்பீங்க."

"வேண்டாம்னு சொல்லுவேன்னு தெரிஞ்சே போயிருக்கே. சரி, கெட்டிக்காரன்தான். எதுக்குப் போனே?"

அவன் கம்பியை விட்டுவிட்டுத் திரும்பினான். "காகிதத்துல பொய் எழுதினா கிழிச்சுப் போடலாம் அண்ணி. கல்லுல வெட்டக் கூடாது."

"நான் எழுதினதுல எது பொய்?"

"அண்ணன் எனக்காகன்னு நெனச்சு இறங்கலை. பதறி இறங்கினாரு. மாடிப்படியில குழந்தை உருண்டா நாம யோசிச்சா ஓடுறோம்? கால் தானா ஓடுது. அப்படித்தான். ஒரு நிமிஷம் நின்னு யோசிச்சிருந்தா உங்களை நெனச்சிருப்பாரு, பாப்பாவை நெனச்சிருப்பாரு, இறங்கியிருக்க மாட்டாரு. அவரை யோசிக்க விடாம பண்ணினது நான். அப்போ என்னாலதானே?"

"விசாரணைக் காகிதத்துல அப்படித்தான் இருக்கு. அதானே?"

"'சகோதரனைக் கண்ட பதற்றத்தில், ஆபத்தை உணராமல்'னு இருக்கு. மேலே நின்ன ஆளே சொன்னது."

அண்ணி கொடியில் காய்ந்த துணியை எடுத்து மடித்தாள். மடித்ததையே திரும்ப மடித்தாள்.

"பாப்பா எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பிச்சிட்டா, தெரியுமில்ல. கடைப் பலகை, பஸ் பலகை ஒண்ணு விடறதில்லை. கல் வெச்சதும் அதைத்தான் படிப்பா."

"அதுக்காகத்தான் சொல்றேன். நாளைக்கு எவனோ வந்து உன் சித்தப்பனாலதான் உங்கப்பன் செத்தான்னு அவகிட்ட சொல்றதுக்கு முன்னாடி கல்லே சொல்லிடட்டும். நான் மறைச்சேன்னு இருக்கக் கூடாது."

"உனக்கு மறைக்கத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். அதுதான் இவ்வளவு நாளும் தொல்லை" என்றாள் அண்ணி. அது என்ன தொல்லை என்று அவன் கேட்கவில்லை. "வா, பாஸ்டர்கிட்ட போவோம். கல் வெக்கிற அன்னைக்கு ஜெபம் பண்ணப் போறவர் அவர்தான். எதைப் பார்த்து ஜெபம் பண்ணப் போறார்னு அவருக்கும் தெரியணுமில்ல."

போதகரின் அறை ஆலயத்துக்குப் பின்னால் இருந்தது. ஒரு மேசை, சுவரோரமாக ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய நாற்காலிகள், ஒரு பக்கம் மட்டும் சுற்றும் மின்விசிறி. போதகர் இறைப்பணிக்கு வருவதற்கு முன் பள்ளியில் தமிழ் நடத்தியவர். பிரசங்கத்தின் நடுவில் யாராவது வசனத்தைத் தப்பாக உச்சரித்தால் நிறுத்தித் திருத்துவார். ஆகவே சபையில் சத்தமாக வாசிக்க ஆள் கிடைப்பது கஷ்டம்.

அவர்கள் போனபோது மேசைக்கு அடியில் இன்னொருவர் படுத்துக்கொண்டு ஒலிபெருக்கியின் வயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவரும் எண்ணெய் ஆலைக்காரர்தான், சபைக் கமிட்டியிலும் இருப்பவர். ஆலையில் அவருக்கு வால்வு என்று பெயர். திறந்தால் மூட முடியாது என்பது காரணம். தொட்டிக்கு மேலே கயிற்றைப் பிடித்து நின்றவர் அவர்.

"வா தங்கச்சி. வாடா தம்பி" என்று மேசைக்கடியிலிருந்தே வரவேற்றார். இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, அதிசயமாக, அதற்குமேல் பேசவில்லை.

அண்ணி இரண்டு வாசகத்தையும் சொன்னாள். போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஐயா, நீங்களே சொல்லுவீங்க" என்றான் இளையவன். "நம்ம பாவம்தான் அவரைச் சிலுவையில அறைஞ்சதுன்னு. ஆணி அடிச்ச கை நம்ம கைதான்னு. அப்போ நம்மாலன்னுதானே அர்த்தம்? அதை ஆலயத்துல சொல்லலாம், கல்லுல சொல்லக் கூடாதா?"

"சொல்றேன்தான்" என்றார் போதகர். "நம்மாலதான் அது நடந்துச்சு. நமக்காகத்தான் அவர் அதை ஏத்துக்கிட்டார். ரெண்டையும் சொல்றோம். முதல்ல சொன்னது மட்டும் இருந்தா அது ஒரு கொலைக் கேஸ், தம்பி. ரெண்டாவதும் சேர்ந்தாத்தான் நற்செய்தி."

"அவர் தெரிஞ்சு ஏத்துக்கிட்டார். முன்னாடியே தெரியும் அவருக்கு, என்ன நடக்கப் போகுதுன்னு. வேண்டாம்னா விலகியிருக்கலாம், விலகலை. எங்க அண்ணன் மனுஷன். தெரியாம போய் விழுந்துட்டாரு. அதையும் இதையும் ஒண்ணாக்காதீங்க ஐயா."

போதகருக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. பிடித்ததாலேயே அவர் சமரசத்துக்கு வந்தார். மேசை மேல் ஒரு துண்டுத் தாளை இழுத்து எழுதினார்.

"இப்படிப் போட்டா என்ன? 'தம்பியின் பொருட்டு உயிர் நீத்தவர்.' பொருட்டுன்னா காரணம்னும் எடுத்துக்கலாம், நன்மைக்காகன்னும் எடுத்துக்கலாம். இலக்கணத்துக்கும் பொருந்தும். ரெண்டு பேருக்கும் சம்மதம்."

"பொருட்டு நல்லாயிருக்கே" என்றது மேசைக்கடியிலிருந்து ஒரு குரல்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க" என்றாள் அண்ணி. "அந்த வார்த்தை யாருக்கும் புரியாது. அதனாலதான் எல்லாருக்கும் பிடிக்குது. என் வீட்டுக்காரரை இருந்தப்பவும் யாரும் ஒரு பொருட்டா எடுத்துக்கலை. செத்தப்புறம் ஒரு பொருட்டு எதுக்கு?"

போதகர் துண்டுத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அண்ணே, வெளியே வாங்க" என்றாள் அண்ணி மேசையைப் பார்த்து.

வால்வு மேசைக்கடியிலிருந்து மெல்ல வெளியே வந்தார். முழங்காலில் இருந்த தூசியைத் தட்டினார். தூசி போன பிறகும் தட்டினார்.

"அன்னைக்கு நடந்ததை இவன்கிட்ட சொல்லுங்க."

"தங்கச்சி..."

"கேஸ்தான் முடிஞ்சிடுச்சே. இனிமே யாரு என்ன பண்ணப் போறாங்க? சொல்லுங்க."

"பாஸ்டர் இருக்காரே."

"நான் இந்த விசிறியைப் பார்த்துக்கிட்டிருக்கேன்" என்றார் போதகர். "அது இடதுபக்கம் திரும்ப மாட்டேங்குது."

வால்வு இளையவனைப் பார்க்காமல், அடுக்கியிருந்த நாற்காலிகளைப் பார்த்துச் சொன்னார். அவர் இவ்வளவு மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"அவன் பதறலைடா. நான்தான் பதறினேன். நான் ஏணியில கால் வெச்சிட்டேன். சட்டையைப் பிடிச்சு இழுத்து விட்டான். 'நில்லு'ன்னான். மீட்டரை இறக்கினான். அது கத்துச்சு. எவ்வளவு கத்துச்சுன்னா... அவன் அதைப் படிச்சான். எனக்கும் காட்டினான். புளோயர் எங்கே வருதுன்னு கேட்டான். இன்னும் கேட்டைத் தாண்டலைன்னேன். அப்போ தலையைக் கீழே போட்டுக்கிட்டு நின்னான். நின்னான்டா. ஓடலை."

வால்வு ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"அப்புறம் கயிறைக் கேட்டான். ஒரு கயிறுதான் இருந்துச்சு. இடுப்புல கட்டிக்கடான்னேன். 'நான் கட்டிக்கிட்டா அவனை எதுல கட்டுறது'ன்னான். கையில சுத்திக்கிட்டான். 'நான் ரெண்டு தடவை இழுத்தா நீ தூக்கு. முதல்ல அவனை. ரெண்டு பேரையும் சேர்த்து இழுக்கப் பார்க்காதே, ரெண்டும் போயிடும்'னான். அதான் பேசினது. அப்புறம் மூச்சை இழுத்துக்கிட்டு இறங்கிட்டான். ரெண்டு தடவை இழுத்தான், உன்னைத் தூக்கிட்டேன். உன் இடுப்புல இருந்த முடிச்சைப் பார்த்திருக்கணும். ஆஸ்பத்திரியில அவிழ்க்க முடியாம அறுத்தாங்க. பதறினவன் போடுற முடிச்சு இல்லை அது. நான் அந்த முடிச்சுக்கு மேல கயிறை அறுத்து, மிச்சத்தைத் திரும்ப உள்ளே விட்டேன். யாரும் இழுக்கலை."

"அப்போ விசாரணையில?" என்றான் இளையவன்.

"தெரிஞ்சே இறங்கினான்னு சொன்னா நஷ்டஈடு வராதுன்னு நம்ம வக்கீல் சொன்னாரு. விதியை மீறி வேணும்னே போனான்னு கணக்காயிடும். பதற்றம்னு போட்டா விபத்து. பாப்பா படிக்கணும்ல. அதனால நான் அப்படிச் சொன்னேன். தங்கச்சிகிட்ட அன்னைக்கே உண்மையைச் சொல்லிட்டேன்."

இளையவன் அண்ணியைப் பார்த்தான்.

"உன்கிட்ட சொல்லியிருந்தா நேரா விசாரணைக்குப் போய் ஒப்பிச்சிருப்பே" என்றாள் அண்ணி. "உனக்கு வாய் சும்மா இருக்காது. கேஸ் முடியட்டும்னு இருந்தேன். முடிஞ்சதும் சொல்லலாம்னா, நீ எதையும் கேட்கிற ஆளா இல்லை, வேலை செய்யற ஆளா இருந்தே."

அவன் உட்காரவில்லை. கை எதையோ தேடிச் சட்டைப் பையைத் தொட்டது. பை காலியாக இருந்தது.

"அப்போ இது இன்னும் மோசம்" என்றான். "பதறி இறங்கியிருந்தா ஏதோ விதின்னு இருக்கலாம். தெரிஞ்சு இறங்கினாருன்னா? யாருக்காக? நான் ஒரு போனுக்காக இறங்கினவன் அண்ணி. ஒரு போனுக்காக. என் மாதிரி ஒருத்தனுக்காக அவர் நின்னு யோசிச்சு இறங்குறதா? அதுக்கு எனக்கு என்ன தகுதி இருக்கு?"

"அவர் உன் தகுதியைப் பார்க்கலை. மீட்டரைத்தான் பார்த்தார்."

அவன் சட்டைப் பையிலிருந்து கையை எடுத்தான்.

"நீ போனுக்காக இறங்கினே. அவர் உனக்காக இறங்கினார். அவ்வளவுதான் கதை" என்றாள் அண்ணி. குரல் உயரவில்லை. தையல் கூடத்தில் அளவு சொல்வது போலத்தான் சொன்னாள். "உன் தப்பை யாரும் இல்லைங்கலை. அது உன்னுது, நீயே வெச்சுக்கோ. ஆனா நீ 'ஆல்'னு வெட்டினா என்ன அர்த்தம் தெரியுமா? அவர்கிட்ட இருந்து ஒண்ணு களவு போச்சுன்னு அர்த்தம். அவர் கையில எதுவுமே இல்லை, எவனோ வந்து பிடுங்கிட்டான்னு அர்த்தம். என் வீட்டுக்காரர் பறிகொடுத்தவர் இல்லை. கொடுத்தவர். நீ நல்லவனாகணும்னு அவரைச் சும்மா அடிபட்டுச் செத்த ஆளா ஆக்காதே."

"அண்ணி, நான்..."

"இரு. என் பங்குக்கு நானும் ஒண்ணு சொல்லிடறேன். எனக்கு அவர் மேல கோபம் இருக்கு. நின்னு யோசிச்சவர் என்னையும்தான் யோசிச்சிருப்பார். யோசிச்சும் போனார். அந்தக் கோபத்தை நான் யார்கிட்டயும் காட்டலை, உன்கிட்டயும் காட்டலை. ஆனா அவர் கொடுத்தது உன்னை. உன்னைத்தான் எனக்கும் பாப்பாவுக்கும் மேலே அனுப்பி வெச்சார். வந்தது ஒரு வேலைக்காரன். குழாய் மாத்துறான், பெயிண்ட் அடிக்கிறான். திருப்பிக் கொடுத்துத் தீர்த்துடலாம்னு பார்க்கறான். தீருமா அது? தீர்க்கச் சொல்லி யாராவது கேட்டாங்களா?"

வால்வு மூக்கை உறிஞ்சினார். போதகர் இன்னும் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படிப் பார்த்துக்கொண்டே, வகுப்பில் பழைய பாடத்தைக் கேட்டவர் போல, தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

"ஆல், மூன்றாம் வேற்றுமை. கருவி, கருத்தா. எதால் நடந்தது, யாரால் நடந்தது. கு, நான்காம் வேற்றுமை." நிறுத்தினார். "அதுக்குப் பல பொருள் சொல்லித் தருவோம். பகை, நட்பு, தகுதின்னு வரிசையா வரும். பொருட்டுங்கறதும் அதுல ஒண்ணு. ஆனா வரிசையில முதல்ல வர்றது கொடை. பிள்ளைகளுக்கு எத்தனை வருஷம் ஒப்பிச்சேன். நான் எதுக்கு நடுவுல இருந்த வார்த்தையைத் தேடிப் போனேன்னு தெரியலை."

அவர் அதோடு விட்டுவிட்டார். மனத்தைப் புரட்டும் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. எழுந்து தண்ணீர் ஊற்றி மூன்று பேருக்கும் கொடுத்தார். இளையவன் வாங்கிக் குடித்தான்.

வெளியே வந்ததும் அண்ணி சொன்னாள்: "நான் பட்டறைக்கு வரலை. நாளைக்கு நீ போ. கல்லுக்காரர்கிட்ட நீ என்ன சொல்றியோ அதை வெட்டட்டும். நான் மாத்த மாட்டேன்."

"நான் பழையபடியே சொல்லிட்டா?"

"சொன்னா அதையும் பாப்பாவுக்கு நான்தான் விளக்கிச் சொல்லணும். சொல்லுவேன். ஆனா அதைச் சொல்லும்போது நீயும் கூட நிக்கணும்."

மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் இளையவன் பட்டறைக்குப் போனான். கல்வெட்டுக்காரர் வேறொரு கல்லுக்குத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார். இவனைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, சுண்ணக்கட்டியை எடுத்துக் காதில் செருகினார்.

"ஒரு முடிவுக்கு வந்தாச்சா? பாதியில நிக்கிற கல் எனக்கு ஆகாது. ராத்திரி சாப்பாடு செரிக்காது."

"க்காக."

"க்காகவா? நல்லா யோசிச்சியா தம்பி? வெட்டினதுக்கப்புறம் வந்து காயா மாத்துங்க, பழமா மாத்துங்கன்னு கேட்கக் கூடாது."

"யோசிச்சேன். இன்னொரு வார்த்தையும் சேர்க்கணும்."

"இன்னொண்ணா? இடம் எங்கே இருக்கு?"

"'தம்பிக்காக'வுக்கு அப்புறம் 'அறிந்தே'ன்னு போடுங்க. தம்பிக்காக அறிந்தே தன் உயிரைக் கொடுத்தவர்."

கல்வெட்டுக்காரர் அளவுகோலை வைத்துப் பார்த்தார். விரலாலும் அளந்தார். உச்சுக்கொட்டினார்.

"வரி கொள்ளாது. இதுக்கு மேலே பேரு, கீழே தேதி, ரெண்டையும் வெட்டியாச்சு. எழுத்தைச் சிறிசாக்கி நெருக்கித்தான் போடணும். பார்வைக்கு நல்லா இருக்காது. அந்த வார்த்தை இல்லாட்டியும் அர்த்தம் வரத்தானே செய்யுது?"

"வராது" என்றான் இளையவன்.

அவர் அவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு 'தம்பி' என்று முன்பு பெரிதாக வரைந்ததை ஈரத் துணியால் துடைத்துவிட்டுச் சிறிய எழுத்தில் முதலிலிருந்து தொடங்கினார்.

கல் நட்ட அன்று அதிகம் பேர் வரவில்லை. போதகர், வால்வு, தையல் கூடத்திலிருந்து இரண்டு பெண்கள், அத்தை. போதகர் சுருக்கமாக ஜெபித்தார். நமக்காகத் தன்னையே கொடுத்தவரை நினைத்து, அந்த வழியில் போன இந்த மனிதனுக்காக நன்றி சொல்கிறோம் என்றார். ஜெபத்தில் யாருடைய குற்றத்தையும் எடுக்கவில்லை. வால்வு கல்லைப் படித்துவிட்டு அண்ணியின் பக்கம் சாய்ந்து, "தங்கச்சி, 'அறிந்தே'ன்னு கல்லுல இருக்கே. கம்பெனிக்காரன் எவனாவது பார்த்தா?" என்றார்.

"எந்தக் கம்பெனிக்காரன் கல்லறைக்கு வந்து படிக்கிறான்?" என்றாள் அண்ணி. பிறகு இளையவனிடம் கேட்டாள்: "அந்த வார்த்தையை நான் சொல்லலியே?"

"நான்தான் சொன்னேன்."

"ம்."

"என்னாலங்கறதும் மாறலை அண்ணி. அது எனக்குத் தெரியும்."

"மாறச் சொல்லி யாரு கேட்டா" என்றாள் அவள்.

பாப்பா கல்லுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். பெயரைப் படித்தாள்; அது அவளுக்குத் தெரிந்த பெயர்தான். தேதிகளைப் படித்தாள். நெருக்கி வெட்டிய வரிக்கு வந்ததும் விரலை ஒவ்வொரு எழுத்தாக வைத்துத் தடவிக் கூட்டினாள். எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்ததால் 'அறிந்தே'யில் சிக்கிக்கொண்டாள். திரும்பிப் பார்த்தாள்.

"சித்தப்பா, இது என்னன்னு படிங்க."

இளையவன் அவள் பக்கத்தில் குந்தினான். முழு வரியையும், அவசரப்படாமல், ஒரு சொல்லும் விடாமல் படித்துக் காட்டினான்.

"தம்பின்னா யாரு?" என்றாள் பாப்பா.

"நான்தான்" என்றான்.